கூடையை வரையாமல் சுமையை வரைவது

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் அத்தையை, அதாவது அப்பாவின் அக்காவை, பெரிய பலகை ஒன்றில் வரைந்து முடித்திருக்கிறேன். 18-க்கு 24 அங்குல ஹார்டுபோர்டு, அக்ரிலிக் வண்ணம், அதன்மேல் கறுப்புக் கோடு. முகத்தை அளந்து அச்சு எடுத்த மாதிரி வரையப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். வடிவத்தை இழுக்கலாம், அமுக்கலாம், கோட்டை வேண்டிய இடத்தில் தடிக்கவிடலாம். ஆனால் பார்க்கிறவர்கள் ஒரே பார்வையில் "இது அவங்கதானே" என்று சொல்லியாக வேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் கொண்டுவர என்னென்ன செய்துபார்த்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். முக ஓவியத்தில் மிகையாக ஏதாவது செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு உதவும்.

அத்தை பல வருடம் மீன் விற்றவர். விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைச் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு, புதுப்பாளையம், மஞ்சக்குப்பம் தெருக்களில் நடந்தே விற்பார். இப்போது வீட்டோடு இருக்கிறார். ஆனாலும் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூடத் தலையில் கூடை இருக்கிற மாதிரிதான் கழுத்தை வைத்திருப்பார். என்னை வரையத் தூண்டியது அந்தக் கழுத்துதான்.

கூடையோடு வரைந்தால் வேலை சுலபம். ஆனால் கூடையைப் பார்த்ததும் மீன்காரம்மா என்று புரிந்துவிடும், அதற்குப் பிறகு முகத்தை யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை. அதனால் கூடையும் வேண்டாம், சும்மாடும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். சுமை மொத்தமும் கழுத்தில், தோளில், தாடையில் தெரிய வேண்டும். படத்தில் மிகை எதற்கு என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: கண்முன் இல்லாத கூடையின் கனத்தைக் காட்டுவதற்கு.

மிகைப்படுத்துவதற்கு முன்னால் ஒழுங்காக அளந்தாக வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். ஓவியப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் பொதுக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண். தலையின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண் அகலம், இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அகலம். முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை ஒரு பங்கு, புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை ஒரு பங்கு, அங்கிருந்து மோவாய் வரை ஒரு பங்கு. நம் சிற்பிகளின் கணக்கும் முகத்தை அளவுகோலாக வைத்துத்தான் போகிறது. முக நீளம் ஒரு தாளம், ஒரு தாளத்துக்கு 12 அங்குலம். இந்த அங்குலம் கடைக்காரர் டேப்பில் இருப்பது இல்லை, அந்தச் சிலைக்குள்ளேயே பிரித்து எடுக்கிற அளவு. பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம் என்றால் மொத்த உயரம் 124 அங்குலம். பிள்ளையாருக்கும் பூதகணங்களுக்கும் தாளம் குறைவு. அதனால்தான் தலை பெரிதாக, உடம்பு கட்டையாக இருக்கும். மிகைக்கும் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, அத்தையை அளந்தேன். திண்ணையில் எதிரே உட்கார்ந்து, கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, கட்டைவிரலால் குறித்துக்கொள்ளும் பழைய முறைதான். "டேய் தம்பி, துணி தைக்கப் போறியா?" என்று கேட்டார். பொதுக் கணக்கிலிருந்து அவர் எங்கெல்லாம் விலகுகிறார் என்று நோட்டில் ஓரமாக எழுதினேன். நெற்றி குறுகல். மூக்கிலிருந்து மோவாய் வரையுள்ள பங்கு மற்ற இரண்டையும்விட நீளம், தாடையும் அகலம். வெற்றிலை மென்று மென்று உரமேறிய தாடை. கண்கள் எப்போதும் கொஞ்சம் சுருங்கியே இருக்கின்றன, கடற்கரை வெயிலில் பார்த்துப் பழகியவை. மோவாய்க்குக் கீழே கழுத்து இரண்டு விரல் அகலம்தான் தெரிகிறது. வலது தோள் இடதைவிடத் தெளிவாக மேலே நிற்கிறது, கூடையைப் பிடிக்கிற கை அது.

இந்த விலகல் பட்டியல்தான் படத்தின் அஸ்திவாரம். நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டீனோடு சேர்ந்து 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை ஒட்டி ஒரு விளக்கம் தருகிறார். சதுரத்தை விட்டு நீள்சதுரத்தைத் தேர்ந்தெடுத்தால் தீனி கிடைக்கும் என்று ஓர் எலியைப் பழக்கினால், பழகிய நீள்சதுரத்தைவிட இன்னும் நீளமான ஒன்றைக் காட்டும்போது அது கூடுதல் வேகத்தோடு போகுமாம். எலி கற்றுக்கொண்டது அந்த ஒரு வடிவத்தை இல்லை, சதுரத்திலிருந்து அது எந்தப் பக்கம் விலகுகிறது என்பதை. கேலிச்சித்திரமும் அப்படித்தான் வேலை செய்கிறது என்கிறார்: சராசரி முகத்தைக் கழித்து, மிச்சமிருக்கிற வித்தியாசத்தைப் பெருக்குவது. சோழர் காலத்து பார்வதி செப்புத் திருமேனியை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறார். ஓவியனுக்கு இதில் கிடைக்கும் பாடம் நேரடியானது. இழுக்க வேண்டிய திசையை அந்த முகமே வைத்திருக்கிறது. திசையை மாற்றி இழுத்தால் எவ்வளவு அழகாக வந்தாலும் ஆள் மாறிவிடுவார்.

அதையும் வேண்டுமென்றே செய்துபார்த்தேன். கழுத்தை நீட்டினேன். மோடிக்லியானி (1884–1920) படங்களைப் பார்த்துப் பழகிய கை, கழுத்து என்றதும் மேலே இழுக்கத்தான் பார்க்கும். அவர் சில ஆண்டுகள் கல்லில் தலைகள் செதுக்கிவிட்டு ஓவியத்துக்குத் திரும்பியவர். அந்த நீண்ட மூக்கும் தூண் மாதிரிக் கழுத்தும் கல்லிலிருந்து வந்தவை, அவர் படத்தில் அவை மிகச் சரி. பிரவுன் ஷீட்டில் அத்தையின் முகத்தை அந்தக் கழுத்தின்மேல் வைத்ததும் படம் அமைதியாக, நளினமாக இருந்தது. யாரோ ஒரு பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கனம் போய்விட்டது. பக்கத்திலேயே கழுத்தே இல்லாமல், மோவாய் நேராகக் காறை எலும்பில் இறங்குகிற மாதிரி இன்னொன்று வரைந்தேன். கோணல்மாணல்தான், ஆனால் அத்தை வந்துவிட்டார்.

புகைப்படம் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்போனை முகத்துக்கு ஒன்றரை அடியில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய், நெற்றி வளைந்துவிடும். அந்த மிகை கிட்டே நின்று எடுத்ததால் வந்தது. அதை நம்பி அதன்மேல் நம் மிகையையும் ஏற்றினால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. ஆறேழு அடி தள்ளி நின்று, ஜூம் வைத்து, கண் மட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படி எடுத்தவற்றைக்கூட அளவு சரிபார்க்க மட்டும்தான் பயன்படுத்தினேன். வரைந்ததெல்லாம் ஆளை எதிரில் வைத்துத்தான்.

எவ்வளவு மிகை போதும் என்பதைக் கண்டுபிடிக்க டிரேசிங் பேப்பரை நம்பினேன். இந்த முறையைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், நல்ல பலன் கொடுத்தது. அளந்து வரைந்த தலையை ஒரு டிரேசிங் தாளில் படியெடுங்கள், தோளையும் கழுத்தின் அடியையும் இன்னொரு தாளில். தோள் தாளை மேசையில் டேப் போட்டு ஒட்டிவிட்டுத் தலைத் தாளை அதன்மேல் வைத்து நகர்த்துங்கள். இயல்பான இடத்திலிருந்து கால் அங்குலம் கீழே இறக்கினால் களைப்பாகத் தெரிகிறார். அரை அங்குலம் இறக்கினால் சுமக்கிறார். முக்கால் அங்குலத்தில் மோவாய் தோளுக்குள் புதைந்து, பயந்து ஒடுங்குகிற மாதிரி ஆகிவிடுகிறது. அத்தை எதற்கும் ஒடுங்குகிறவர் கிடையாது. அதனால் அரை அங்குலத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் தாளை லேசாகத் திருப்பினேன். தலை இடப்பக்கம் ஒரு பொட்டு சாய்ந்து, வலது தோள் தானாகவே ஏறிக்கொண்டது. தோளைத் தனியாக உயர்த்தியிருந்தால் அது இன்னொரு மிகையாக ஒட்டாமல் நின்றிருக்கும். ஒன்றை இழுத்து மற்றவை அதோடு வரும்படி விடுவதுதான் நான் தேடியது.

தாடையை இதற்குப் பிறகுதான் தொட்டேன். தலை இறங்கியதால் தாடை ஏற்கெனவே முன்னால் வந்து பெரிதாகத் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதுமாக இருந்தது. நெற்றியை நன்றாகக் குறைத்தேன், மேலிருந்து ஏதோ அழுத்துவது அங்கேதான் தெரியும். பலகையின் மேல் விளிம்பைத் தலைக்கு மிக அருகில் கொண்டுவந்து, உச்சிக்கு மேலே ஒரு விரல் இடம்கூட விடவில்லை. வெளியே இருக்கிற கூடையின் வேலையைச் சட்டம் செய்கிறது. மூக்கு, காது இரண்டையும் அளந்தபடியே வைத்தேன். எல்லாவற்றையும் இழுத்தால் எதுவும் இழுத்ததாகத் தெரியாது. அளவாக இருக்கும் மூக்கு பக்கத்தில் நின்றால்தான் குறைந்த கழுத்து கண்ணில் படும்.

இந்த நிலையில் அத்தையிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இன்னாடா இது, என் கழுத்தக் காணோம்?" என்றார். அப்புறம் தன் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவிக்கொண்டு, "மழைக்காலத்துல இங்கதான் வலிக்கும்" என்றார். பலகைக்குப் போகலாம் என்று அப்போதுதான் முடிவுசெய்தேன்.

இனி கோடு. என் கருத்தில் பாதிப் படம் அதுதான். சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வந்த தலைமுறை கோட்டை எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டது என்பதற்குக் கே.எம். ஆதிமூலம் (1938–2008) காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த கோட்டோவியங்களைப் பார்த்தால் போதும். சில இடத்தில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருட்டாகக் குவிந்திருக்கும், சில இடத்தில் தாள் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையும் காந்தியின் உடம்புதான். ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலே (1890–1918) வேறு வழி. மாடலை எதிரில் வைத்துக் கோட்டை மட்டும் விறுவிறுவென்று போட்டுவிடுவார், வண்ணத்தைப் பெரும்பாலும் பிறகுதான் சேர்ப்பார். கோடு கண்ணோடு ஓடுகிறது, வண்ணம் நிதானமாக வருகிறது. இந்தப் பிரிவினையை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஒத்திகைக்கு மூங்கில் பேனா. கடையில் தேட வேண்டாம். பென்சில் பருமன் காய்ந்த மூங்கில் குச்சியை எடுத்து, ஒரு முனையைச் சரிவாகச் சீவி, நுனியை மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டையாக வெட்டி, நடுவில் பிளேடால் ஒரு கீறல் போட்டால் மை அதில் தங்கும். தாளுக்குப் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக் கைமுறைக் காகிதம், பருத்தித் துணியிலிருந்து செய்வது. சொரசொரப்பாக இருப்பதால் பேனா வழுக்கிக்கொண்டு ஓடாது, ஒவ்வொரு அங்குலத்தையும் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும். கோட்டுக்குத் தயக்கமும் அழுத்தமும் அப்போதுதான் வரும். வழவழப்பான சார்ட்டில் அதே கோட்டைப் போட்டால் அலங்காரமாகிவிடுகிறது.

காதின் பின்னாலிருந்து வலது தோளின் நுனிவரை இறங்கும் கோடுதான் இந்தப் படத்தின் முதுகெலும்பு. காதடியில் முடி அளவுக்கு மெல்லியதாகத் தொடங்கி, கழுத்து தோளோடு சேரும் இடத்தில் பேனாவைப் படுக்கவைத்து அழுத்தி, அங்கே ஒரு நொடி நிறுத்தி மை ஊற விட்டு, பிறகு தோள்மேல் ஏறும்போது வேகத்தைக் கூட்டி வறண்டு உடைய விடுவது. எடை எங்கே விழுகிறதோ அங்கே கோடு தடிக்கும். எடை இல்லாத இடத்தில் கோடே வேண்டாம். இடது கன்னத்தின் வெளிவிளிம்பு முழுவதும் வெயில் விழும் இடம், அங்கே நான் கோடு போடவில்லை. வண்ணம் முடிகிற இடத்தில் கன்னம் முடிகிறது. முகத்தைச் சுற்றி ஒரே தடிமனில் வேலி மாதிரிக் கோடு போட்டால் எவ்வளவு இழுத்த வடிவமும் செத்துவிடும்.

திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அந்தக் காலத்தில் சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகையை வைத்துவிட்டார். பெரிய கோடு மணிக்கட்டிலிருந்து வரக்கூடாது, தோளிலிருந்து வர வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். பலகையை நிமிர்த்தி வைத்து, ஓரடி தள்ளி நின்று, முழங்கையை மடக்காமல் மூச்சை விட்டுக்கொண்டே இழுப்பது. வண்ணம் தொடாத உலர்ந்த பிரஷ்ஷால் காற்றிலேயே அந்தக் கோட்டைப் பலமுறை போட்டுப் பழகிவிட்டு, அப்புறம் மையைத் தொடுங்கள். பேனர்க்காரர்கள் முகத்தின் நிழலில் பச்சையையும் வெளிச்சத்தில் ரோஸையும் தைரியமாக வைப்பார்களே, அந்தப் பாடமும் அவருடையதுதான்.

வண்ணத்தில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஹார்டுபோர்டுக்குக் கெஸ்ஸோ, அதாவது வண்ணத்துக்கு முன்னால் பூசுகிற வெள்ளை அடிப்பூச்சு, மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய உப்புத்தாள் தேய்ப்பு. அடிநிறம் மஞ்சள் காவியும் கொஞ்சம் இண்டியன் ரெட்டும். முகத்தைப் பெரிய துண்டுகளாக மட்டும் பிரித்தேன்: வெயில் பக்கம், நிழல் பக்கம், தாடைக்குக் கீழே இருட்டு. நிழலில் அல்ட்ராமரினோடு காவி கலந்தால் ஒரு பச்சை கிடைக்கும், மீன் செதிலில் தெரிகிற பச்சைக்குப் பக்கத்தில். சித்திரை வெயிலில் அக்ரிலிக் பேலட்டிலேயே காய்ந்துபோகும். தட்டில் நனைத்த டிஷ்யூவை விரித்து அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு, அதில் வண்ணத்தை வைத்தால் மதியம்வரை தாங்கும்.

ஒன்றை மட்டும் விடாமல் கடைப்பிடித்தேன். வண்ணத் துண்டுகளின் விளிம்பும் கோடும் ஒரே இடத்தில் வரக்கூடாது. ரவுல் டூஃபி (1877–1953) வண்ணத்தை ஒரு பக்கம் பரவவிட்டுக் கோட்டை வேறு பக்கம் ஓடவிடுவார். அங்கே அது குதூகலம். இங்கே அதே உத்தியைக் கனத்துக்காகப் பயன்படுத்தினேன். தோளின் வண்ணம் கோட்டுக்குக் கீழே அரை அங்குலம் சரிந்து நிற்கிறது. கோடு மேலே பிடித்துக்கொண்டிருக்க, சதை கீழே இறங்குகிற மாதிரி தெரிகிறது. தாடையிலும் அதே சரிவு.

கண்ணுக்கு நம் ஐயனார் சிலைகளைப் போய்ப் பார்த்தேன். வில்லியனூர்ப் பக்கம் சுடுமண் வேலை செய்கிறவர்கள் ஐயனாருக்கும் காவல் வீரர்களுக்கும் கண்ணைப் பிதுக்கி, சுற்றிலும் ஒரே தடித்த கோடு இழுப்பார்கள். வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனையும் பார்க்கிற கண் அது. அத்தைக்கு அதற்கு நேர் எதிர். மேல் இமைக்கு ஒரு தடித்த கோடு, கீழ் இமைக்குப் பாதியில் விட்ட மெல்லிய கோடு, நடுவே கருவிழியின் மேல்பாதி மறைந்த ஒரு கறுப்பு. வெள்ளை விழி காட்டவே இல்லை. வெளிச்சப் புள்ளியும் வைக்கவில்லை. வைத்துப் பார்த்தேன், முகம் உடனே இனிமையாகிவிட்டது. துடைத்துவிட்டேன்.

கடைசிக் கோட்டை மூங்கில் பேனாவால் போடவில்லை. அக்ரிலிக் பரப்பில் மை நழுவிக் குமிழ்விடும். நீள மயிர் வைத்த லைன் பிரஷ்ஷும், பால் பதத்துக்குத் தளர்த்திய கறுப்பு அக்ரிலிக்கும் எடுத்துக்கொண்டேன். தண்ணீரை நிறைய ஊற்றினால் பிடிப்பு போய்விடும், கொஞ்சம் மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பசை) சேர்த்துத் தளர்த்துவது நல்லது. கோடு போடுவதற்கு முன் பலகை முழுவதும் மேட் மீடியம் ஒரு பூச்சு கொடுத்தேன். பிரஷ் கொஞ்சம் உரசிப் போகும், கோடு பிடிக்கவில்லை என்றால் ஈரத்தோடேயே துணியால் எடுத்துவிடலாம், அடியில் இருக்கும் வண்ணத்துக்கு ஒன்றும் ஆகாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஹார்டுபோர்டின் பின்பக்கத்துக்கும் நான்கு விளிம்புக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள். முன்பக்கம் மட்டும் பூசினால் ஐப்பசி ஈரத்தில் பலகை வளைந்துவிடும். மாட்டுவதற்கு இரும்பு ஆணி வேண்டாம், இங்கே உப்புக்காற்றில் துரு கசிந்து சுவரெல்லாம் இறங்கும். பித்தளைத் திருகாணி போட்டேன். படம் நன்றாகக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷ். பளபளப்பு வார்னிஷ் போட்டால் தடித்த கோடுகளின்மேல் வெளிச்சம் பட்டு, அவை இருட்டாகவே தெரியாது.

அடுத்த பலகைக்கு மாமாவைக் கேட்டிருக்கிறேன், உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். வலையைச் சரிபார்த்து முடிச்சுப் போட்டுப் போட்டே முன்னால் வளைந்த கழுத்து அவருக்கு. அங்கே கழுத்தைக் குறைத்தால் ஆள் வரமாட்டார், முன்னால் நீட்ட வேண்டும். பார்வை விரலுக்கு ஒரு சாணுக்குள் வந்து நிற்கும் அளவுக்கு நீட்டலாம் என்று தோன்றுகிறது. டிரேசிங் தாளை இந்த முறை கீழே இறக்காமல், கழுத்தடியில் ஒரு குண்டூசி குத்தி, அதைச் சுற்றித் திருப்பிப் பார்க்கப் போகிறேன்.